மூலவோலை மடியில் இருக்கட்டும்

தமிழில் உள்ள மிகப் பழைய நீதிமன்றக் கதைகளில் ஒன்றில் வழக்காளி சிவபெருமான். எதிராளி கலியாண மாப்பிள்ளை. வழக்கு, அடிமை உறுதி பற்றியது. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்ற பெயரில் இருக்கிறது.

புத்தூரில் பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை சுந்தரர் மணவறைக்கு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் ஓலையோடு உள்ளே வருகிறார். “இந்தப் பெடியன் என்னுடைய அடிமை. பாட்டன் எழுதித் தந்த உறுதி இருக்கு” என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் தலைக்கேற, ஓடிப்போய் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். எதிராளியே ஆவணத்தை அழித்தாயிற்று. வேறு யாரும் என்றால் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள். கிழவர் அனுபவப்பட்ட வழக்காளி. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை வரைக்கும் ஆளை இழுத்துக்கொண்டு போய், “இவன் கிழித்தது படியோலை, மூலவோலை இந்தா” என்று வெளியே எடுக்கிறார். சபையார் பாட்டன் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம். “இந்த ஊர்தான் என்கிறீரே, வீடு எங்கே?” என்று கேட்டதும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனவர், கோயிலுக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1852இல் இதையெல்லாம் எல்லோருக்கும் விளங்கும் வசனமாக அச்சிட்டுவிட்டார். கோயில்களில் புராணபடனம் வேறு நடந்தது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். கேட்டிருந்த சனம் பக்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்குமா? முதலில் படியைக் காட்டு, மூலத்தை மடியில் வைத்திரு, கையெழுத்துக்குச் சான்று தேடு. நொத்தாரிசு வீட்டுப் படியேறும் ஒவ்வொருவருக்கும் கடவுளே செய்துகாட்டிய பாடம் இது.

பாடத்துக்கு ஏற்ற சட்டத்தை ஒல்லாந்தர் முன்பே கொடுத்திருந்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, யாழ்ப்பாணத்தில் யாருக்கு எந்தச் சொத்து போகும் என்று விசாரித்து விசாரித்து, 1707இல் தேசவழமையை எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். பன்னிரண்டு யாழ்ப்பாணத்தார் ஒரே கடதாசிக்கு ஒத்துப்போனது அதுதான் முதலும் கடைசியுமாக இருக்கும். ஒல்லாந்தரின் கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரர் அந்தச் சட்டத்தை விட்டுவைத்து, 1806இல் ஒழுங்குவிதியாகவும் ஆக்கினார்கள். 1947இல் முன்னுரிமைக் கொள்வனவுக்குத் தனிச் சட்டமே வந்தது. பங்குக்காரனிடம் முதலில் கேளாமல் உன் பங்கைப் பிறத்தியானுக்கு விற்காதே என்பது அதன் சாரம். அண்ணன் தம்பிகள் பேசாமல் இருக்கிற ஊரில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் கதாசிரியன் எதற்கு?

பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நாலு பரப்புக் காணியை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கொரு பரப்பு, கிணற்றில் கால் பங்கு, வழிவாய்க்கால் உரித்து. நடுவில் வேலி. வேலிக்குக் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால். பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடும்போது அது நாலு விரற்கடை அங்கால் போய் நிற்கும். பக்கத்து வளவுக்காரர் வெற்றிலை சப்பியபடி பார்த்துக்கொண்டிருப்பார், வாய் திறக்கமாட்டார். பொழுதுபட்டதும் மூத்த மகனை லாம்பு பிடிக்கச் சொல்லி, நூல் பிடித்து அளப்பார். விடியற்காலையில் உறுதிக் கட்டோடு பிரக்கிராசி வீட்டு விறாந்தையில் இருப்பார். நாலு விரற்கடை நிலத்துக்காக நாலு பரப்பையும் ஈடுவைத்து வழக்காடுவார்.

இப்படிப்பட்டவர் கையில் ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய பெரி மேசன் கதை கிடைத்தால் என்ன ஆகும்? 1933இல் தொடங்கி எண்பதுக்கு மேற்பட்ட நாவல்கள். பெரும்பாலும் கடைசியில் மேசன் மடக்கி மடக்கிக் கேட்க, கொலைகாரன் வேர்த்து விறுவிறுத்து உண்மையைக் கக்கிவிடுவான். எங்கள் ஆளுக்கு அதிலே பசி அடங்காது. தவணை இல்லை, அப்பீல் இல்லை, மொட்டைப் பெட்டிசம் இல்லை. சாட்சிக்காரன் யாருடைய மருமகன் என்ற விபரமும் இல்லை. தீர்ப்போடு முடிகிற வழக்கை அவர் வழக்கு என்றே எடுக்கமாட்டார்.

தீர்ப்போடு முடியாத வழக்குக்கு நாவலரிடமே போகலாம். 1867இல் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்று அச்சேறின. தேவார திருவாசகத்துக்கு உரிய மரியாதையை, உயிரோடு நடமாடுகிற ஒருவரின் பாட்டுக்குக் கொடுப்பதா என்று நாவலருக்கு ஏறிவிட்டது. 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. சிதம்பரம் தீட்சிதர்களோடு அவருக்கு வேறொரு கணக்கும் இருந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று கடலூர்ப் பக்கத்து மஞ்சக்குப்பம் கோட்டில் வழக்குப் போட்டார். நல்லூரான் வழக்காடக் கடல் ஒரு தடையா?

தீர்ப்பு என்ன? இராமலிங்கர் பக்கத்தார் சொல்லும் கதை: சுவாமிகள் உள்ளே வந்தபோது கோடு முழுக்க எழுந்து நின்றது, நாவலரும் எழும்பிவிட்டார். நீதவான், “நீரே எழும்பி மரியாதை செய்கிறீர், பிறகென்ன வழக்கு?” என்று தள்ளிவிட்டார். நாவலர் பக்கத்தார் சொல்லும் கதை: தீட்சிதர் ஒருவருக்கு ஐம்பது ரூபாய் தண்டம், இராமலிங்கர் தப்பித்துக்கொண்டார். ஒரே கோடு, ஒரே நீதவான், இரண்டு தரப்புக்கும் வெற்றி. நூற்றைம்பது வருடமாக இரண்டு தீர்ப்பும் அமுலில் இருக்கின்றன.

இராமலிங்கர் 1874இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார், திரும்பி வரவில்லை. நாவலர் 1879இல் காலமானார். வழக்காளியும் இல்லை, எதிராளியும் இல்லை, வழக்கு மட்டும் நல்ல சுகத்தோடு இருந்தது. வடமராட்சிப் புலோலியிலிருந்து சென்னைக்குப் போய்த் தமிழ் படிப்பித்த கதிரைவேற்பிள்ளை அதைக் கையேற்றார். அகராதி செய்த மனிதர், சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. அருட்பாவுக்கு எதிராக ‘ஆபாச தர்ப்பணம்’ என்று தலைப்பிலேயே அடித்து ஒரு நூல் எழுதினார். அருட்பா பக்கம் மறைமலையடிகள் நின்றார். பிறகு நாஞ்சில் நாட்டிலிருந்து செய்குத்தம்பிப் பாவலரும் வந்து சேர்ந்தார். சைவர்கள் தங்களுக்குள் அடிபட, முஸ்லிம் புலவர் ஒருவர் சைவப் பாட்டுக்காக வாதாடினார். இதைக் கற்பனையில் எழுதினால் எந்தப் பதிப்பாளரும் நம்பமாட்டார்.

1904இல் அதுவும் கோட்டுக்குப் போயிற்று. கதிரைவேற்பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவன் ஒருவன் தன் இறுதிப் பரீட்சையைத் தவறவிட்டான். அவன்தான் பின்னாளில் திரு.வி.க. தமிழ்நாட்டின் பெரிய தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் பள்ளிப் படிப்பை முடித்துவைத்த பெருமையில் யாழ்ப்பாணத்து வழக்குக்கும் பங்குண்டு.

மறுவருடம், 1905இல், தொண்ணூறு தொகுதி வால்டேரோடு ஓர் இளைஞன் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தான். பெயர் லெனார்ட் வுல்ஃப், பிறகு எழுத்தாளர் வர்ஜீனியாவைக் கட்டினவர். ஒருநாள் பிரதான வீதியில் குதிரை மேல் இருந்தபடி, ஒரு விறாந்தை வீதிக்குள் தள்ளிக் கட்டப்பட்டிருப்பதைச் சாட்டையை நீட்டி மேலதிகாரிக்குக் காட்டினார். இங்கேயும் எல்லைப் பிரச்சினைதான், பாருங்கள். அந்த வழியால் போன சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சாட்டையால் அடித்தார் என்று தமிழ்ச் சங்கத்தார் முறைப்பாடு எழுதிவிட்டார்கள். வுல்ஃப் மறுத்தார். ஆளுக்குத் தண்டனை இல்லை, வேலையும் போகவில்லை.

அவர் பிறகு அம்பாந்தோட்டையில் நீதவான் கதிரையிலும் இருந்தார். 1913இல் அவர் எழுதிய நாவலில் தன்னைச் சுற்றி என்ன பேசுகிறார்கள் என்றே விளங்காத ஒரு கிராமத்தான் கோட்டில் நிற்கிறான். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கியபோது, விஞ்ஞானக் கதை எழுதும் ஆர்தர் சி. கிளார்க் வுல்ஃபாக வேஷம் கட்டினார்.

முறைப்பாட்டின் கதை அதற்குப் பிறகும் ஓடியது. வுல்ஃப் 1961இல் தன் சுயசரிதையில் அந்தச் சாட்டைக்குத் திரும்பி வந்தார். நான் அடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களின் வீதியில் குதிரைமேல் அப்படி இருந்ததே முகத்தில் அறைந்த மாதிரித்தானே என்ற சந்தேகம் அப்போதே தனக்கு வந்துவிட்டது என்ற கருத்துப்பட எழுதினார். முறைப்பாடு எழுதியவர்கள் அதை வாசிக்க இருந்திருக்கமாட்டார்கள். எதிராளி ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. யாழ்ப்பாணக் கணக்கில் அது கெதியாக முடிந்த வழக்கு.