கடவுச்சொல் மூணாறு போன கதை

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதைப் போட ஒரு வலைப்பூ வேண்டும் என்று ஹெச்.எம். டீச்சர் கேட்டபோது, "அஞ்சு நிமிச வேலைங்க டீச்சர்" என்றேன். அது ஜூன் மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையின் தென்னை மட்டைகளைப் பள்ளி ஓட்டின்மேல் எறிந்துகொண்டிருந்தது. எந்தத் தளம் என்று முடிவாவதற்குள் ஓணப் பரீட்சை வந்துவிட்டது.

முதலில் பிளாகர். 1999-ல் தொடங்கியது, 2003-ல் கூகுள் வாங்கியது, காசு கிடையாது. ஆனால் பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். என் வகுப்புக்கு வயது 12. "பொறந்த வருசத்துல ஒண்ணக் கொறைச்சுப் போட்டாப் போச்சுங்க மாஷே" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். அவனுக்குக் கழித்தலே வரவில்லை என்று முந்தின வாரம்தான் அவன் அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது வரை குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று படிவம் கொடுத்தனுப்பினேன். ஒரு அம்மா நேரிலேயே வந்துவிட்டார்: "இதுக்கு எவ்வளவுங்க கட்டோணும்?"

பள்ளிகளுக்கென்றே 2005-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய எடுபிளாக்ஸில் மின்னஞ்சல் இல்லாமலே மாணவருக்குக் கணக்குக் கொடுக்கலாம். அதன் ஆங்கில விளக்கத்தை மூன்று நாள் படித்தேன். என் ஆங்கிலம் வளர்ந்தது.

"சொந்த வீடு இருக்க வாடகை வீடு எதுக்கு மாஷே?" என்றார் டீச்சர். அவர் சொன்னது கேரளப் பள்ளிகளுக்கான ஸ்கூல்விக்கியை. 2020 ஊரடங்கில் 'அட்சரவிருட்சம்' என்ற பெயரில் பிள்ளைகளின் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை ஏற்றிய இடம் அது. நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் அறைக்கு அறை பலகை மலையாளத்தில். பஸ் போர்டை மலையாளத்தில் படித்துவிட்டு டிக்கெட்டைத் தமிழில் கேட்கிற ஊர் எங்களுடையது. அதனால் பிள்ளைகள் மிரளவில்லை. மிரண்டது நான்.

அவர்களிடம் நான் கற்றது ஒன்று உண்டு. தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு மாதம் ஒதுக்கியிருந்தேன். ஒரு பீரியடில் முடித்துவிட்டார்கள். ஐ.டி. வகுப்பில் பழகிய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் ஒரே ஒலிக்குப் பெரும்பாலான இந்திய மொழிகளிலும் ஒரே இடம்தான். மலையாள 'க' இருக்கும் விசையில்தான் தமிழ் 'க'. எங்கள் ஊர்ப் பெயரின் 'ழ'வும் 'ற'வும்கூட அதே விசைகளில். மலையாளத்துக்கு நான்கு 'க', நமக்கு ஒன்று. "தமிழ்ல வேலை கம்மிங்க மாஷே" என்றாள் ஒருத்தி. செம்மொழி பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான பாராட்டு.

கடைசியில் பிளாகருக்கே திரும்பினேன். கணக்கு என் பெயரில், எழுத்து பிள்ளைகளுடையது, ஏற்றுவது நான். பள்ளிப் பெயரோடு 'தமிழ்' சேர்த்து முகவரி கேட்டேன். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றது. எந்தத் திருடன் என்று திறந்து பார்த்தால், எங்கள் பள்ளியேதான்! 2014 ஓணப் பூக்களம், மங்கலான ஒரு படம், அதற்குப் பின் ஒன்றுமில்லை. தொடங்கிய மாஷ் மூணாறு பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார், கடவுச்சொல்லோடு.

மாஷே, இதைப் படித்தால் அதை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். பதினொரு கட்டுரைகள் காத்திருக்கின்றன. நீங்கள் விட்டுப்போன குடை ஸ்டாஃப் ரூமில் பத்திரமாக இருக்கிறது. மூணாறு போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.