பாரம் 20 கிலோ

எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் சபை நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். "கொஞ்ச நாளாகவே ஆண்டவர் என் உள்ளத்தில் ஒரு பாரத்தைத் தந்திருக்கிறார்" என்பார். எந்த நாட்டின் மேல் பாரம் என்பது மட்டும்தான் சஸ்பென்ஸ். இதுவரை சிங்கப்பூர் இரண்டு முறை, மலேசியா ஒரு முறை, துபாய் ஒரு முறை. எங்கள் கொல்கத்தாவுக்குப் பக்கத்திலேயே ஜார்க்கண்ட் இருக்கிறது. அதன் மேல் ஏனோ பாரம் வருவதில்லை.

அவர் கண்ணாடியைத் துடைக்கும்போதே பின் பெஞ்சில் பாஸ்டரம்மா கைப்பையைத் திறப்பார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். எடுப்பது பேனா. காணிக்கைக் கவரின் முதுகில் கணக்கு ஏறும்: கேஸ், கரண்ட் பில், சின்னவள் டியூஷன், மாமனாரின் சுகர் மாத்திரை.

இப்படி ஒரு பாஸ்டர் உங்கள் ஊரிலும் இருப்பார். ஆனால் கொல்கத்தாவில் இருப்பதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இங்கே அங்கி போட்டவரெல்லாம் 'ஃபாதர்'. அன்னை தெரசா வாழ்ந்த ஊர் அல்லவா! ஃபாதருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கலாம் என்பதை வீட்டுக்காரப் பாட்டி ஒப்புக்கொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. அண்ணியை 'பௌதி' என்பது வங்காள வழக்கம். கடைசியில் பாஸ்டரம்மாவுக்கு 'ஃபாதர் பௌதி' என்ற பட்டம் நிலைத்தது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்பவர் வரைக்கும் அதே பெயர்தான்.

பாஸ்டரின் சொந்த ஊர் நாசரேத். இஸ்ரேலில் இருப்பதல்ல, திருச்செந்தூர் ரயில் பாதையில் இருப்பது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஊழியம் என்றால் ஊரைவிட்டுப் புறப்படுவது என்று ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது. வெள்ளாளன்விளை அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபை தானே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்துவிட்டது. 1905 கிறிஸ்துமஸ் அன்று, இதோ ஹூக்ளிக்கரை செராம்பூரில், தேசிய மிஷனரி சங்கம். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கொல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் அதே அசரியாவுக்கு பிஷப் அபிஷேகம். ஆங்கிலிக்கன் சபையில் பிஷப்பான முதல் இந்தியர் அவர். ஊரிலிருந்து யார் வந்தாலும் பாஸ்டர் கதீட்ரலுக்குக் கூட்டிப் போய் "நம்ம ஆளு!" என்பார். விக்டோரியா மெமோரியலை வெளியிலிருந்து காட்டினால் போதும் என்பது அவர் கட்சி.

அடுத்த நிறுத்தம் செராம்பூர். அங்கே வில்லியம் கேரியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். செருப்புத் தைத்தவர், 1793இல் கல்கத்தா வந்து இறங்கியவர், 1834இல் சாகும்வரை ஒருமுறைகூட இங்கிலாந்து திரும்பாதவர், புதிய ஏற்பாட்டை வங்காளத்தில் 1801இல் அச்சிட்டவர். நான் கிணற்றுக்குள் இறங்குகிறேன், மேலேயிருந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாராம். இந்த இடத்தில் பாஸ்டர் குரல் தழுதழுக்கும். கேரியின் மனைவி டாரதி முதலில் வரவே மாட்டேன் என்றதும், கப்பல் தாமதமானதால் கைக்குழந்தையோடும் தங்கையோடும் கிளம்பியதும், வந்த மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்ததும், பிறகு புத்தி பேதலித்து 1807இல் போய்ச் சேர்ந்ததும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். "சரி, அடுத்து லைப்ரரி" என்று நடப்பார். அம்மா மட்டும் இரண்டடி பின்தங்கி வருவார்.

கேரியைப் பற்றி இவ்வளவு பேசும் பாஸ்டருக்குப் பதினான்கு வருஷத்தில் வந்த வங்காளம் இரண்டு சொல். "கொதோ?" என்றால் எவ்வளவு. "எதோ!" என்றால் இவ்வளவா! மீன் வாங்க இது போதும். அம்மாவோ வங்காளத்தில் சண்டை போட்டு, அதே மூச்சில் சமாதானமும் ஆகி, கூடக் கொஞ்சம் கொத்தமல்லியும் வாங்கி வருவார்.

பயணத்துக்கு முந்தின நாள் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். பெட்டி 20 கிலோவைத் தாண்டக் கூடாது. காய்கறிக்காரரிடமிருந்து கொக்கித் தராசை அம்மா இரவல் வாங்கி வருவார். பெட்டியைத் தூக்கிப் பிடிப்பது மூத்தவன், முள்ளைப் படிப்பது சின்னவள், நாற்காலியில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்வது பாஸ்டர். முள் 23 காட்டும். ரசகுல்லா டின் நான்கும் போயே ஆக வேண்டும், தங்கப்போகும் வீட்டுக்கு. கறுப்புக் கோட்டும் வேண்டும், கன்வென்ஷன் மேடைக்கு. அப்புறம் எதை எடுப்பது? நாத்தனாருக்கு என்று அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து சுட்ட முறுக்குதான் வெளியே வரும். முள் சரியாக 20இல் நிற்கும். "பார்த்தியா, கர்த்தர் கிரியை செய்தார்" என்பார் பாஸ்டர். முறுக்கைப் பிள்ளைகள் தின்பார்கள்.

நாலு மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்கினால் அவர் பேச்சைக் கேட்க வந்திருப்பவர்கள் யார்? முதல் வரிசையில் மெய்ஞ்ஞானபுரத்துக்காரர். இரண்டாம் வரிசையில் நாசரேத்தில் இவருக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவரின் மகள். அங்கேயும் தமிழ், அங்கேயும் மட்டன் குழம்பு. தேசங்களுக்குள் போவது என்பது இதுதான்.

வீட்டில் இருப்பவர்களின் ஊழியம் அன்றைக்கே தொடங்கிவிடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அவர் ஆறு மணிக்கு எழுந்து ஜெபித்து உற்சாகம் பொங்க போன் பண்ணினால் இங்கே மூன்றரை. "எழுந்துட்டியாம்மா?" என்பார். இந்தக் கேள்விக்குப் பதினாறு வருஷக் குடித்தனத்தில் அம்மா இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

போன ஜூலையில் நடந்ததை நானே பார்த்தேன். விடாமல் பெய்ததில் தெருவில் முழங்கால் தண்ணீர். அம்மா ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சின்னவள், தோளில் ஸ்கூல் பையோடு வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வீடியோ கால். போனை நான்தான் வாங்கிப் பிடித்தேன். பாஸ்டர் மெர்லயன் சிலைக்கு முன்னால் நிற்கிறார். சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "இங்கே ஆசீர்வாத மழை பொழியுது! அங்கே எப்படி?"

"இங்கேயும்தாங்க" என்றார் அம்மா. "வாசப்படி ஏறிட்டுது."

திரும்பி வந்தால் சபைக்குச் சாக்லேட், மூப்பர்களுக்குக் கோடாலித் தைலம், அம்மாவுக்கு ஒரு கைப்பை, தங்கிய இடத்துச் சின்னச் சின்ன சோப்புகள். அந்த ஞாயிறு சாட்சி ஒரு மணி நேரம் ஓடும். விமானத்தில் பக்கத்து சீட்காரர், அறையில் ஏசி நின்று மறுபடி ஓடியது, மெர்லயன், எல்லாம் வரும். முடிவில், "வீட்டிலே என் துணைவியார் ஜெபத்தில் தாங்கினார்கள்" என்று ஒரு வாக்கியம். அல்லேலூயா எழும்போது அம்மா பின்னால் டீக்கு எத்தனை கப் குறைகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

சென்ற மாதம் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று சாயங்காலமே அம்மா சொன்னாராம்: "எனக்கும் ஒரு பாரம் வந்திருக்குங்க. நாசரேத்துல அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்து நாள். பிள்ளைங்களுக்குப் பரீட்சை, அவங்க இங்கேயே இருக்கட்டும்." ஷாலிமார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். பெட்டியை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. உள்ளே முழுக்க முறுக்கு.

அம்மா ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் விடியற்காலை மூன்றரைக்கு பாஸ்டரின் போன். தொட்டி காலி, தண்ணீர் மோட்டார் சுவிட்சைக் காணோம், மாமனார் மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா தெரியவில்லை, சின்னவளின் யூனிஃபார்ம் எங்கே?

கல்யாண வீட்டில் யாரும் இன்னும் தூங்கவில்லை. பூக்கட்டிக்கொண்டே அம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"நீங்க தைரியமா இருங்க" என்றார். "நான் இங்கேயிருந்து ஜெபத்துல தாங்குதேன்."