செயின்ட் பீட்டர்ஸ்பர்க்: முன்னொட்டின் பின்வரும் புள்ளியின் தோற்றமும் மறைவும்

ருஷ்ய நாட்டின் இரண்டாம் பெருநகரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகுவோர், அதன் அரண்மனைகளையோ கால்வாய்களையோ தொடுவதற்கு முன்னரே, ‘புனிதர்’ எனப் பொருள்படும் செயின்ட் என்னும் சொல்லை எஸ், டி என ஈரெழுத்தாகச் சுருக்கியபின் அங்கே ஒரு புள்ளி இடுவதா, வேண்டாவா என்னும் வினாவைக் கடந்தாக வேண்டும். இவ்வினாவை ஆராயும் துறைக்குப் புள்ளியியல் என்று பெயரிடுவதே முறை. ஆயினும் அப்பெயரை மக்கள்தொகைக் கணக்கெடுப்போர் முன்னரே கைப்பற்றிக்கொண்டமையால், துறை இன்றளவும் பெயரின்றியே வளர்ந்து வருகிறது.

இதில் மரபுகள் இரண்டு. சுருங்கிய சொல் எதுவாயினும் புள்ளி பெறும் என்பது அமெரிக்கர் கொள்கை. வால் வெட்டுண்ட சொல்லுக்கே புள்ளி, முதலும் ஈறும் நிற்க இடை மட்டும் வீழ்ந்த சொல்லுக்குப் புள்ளி வேண்டா என்பது பிரித்தானியர் கொள்கை. 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர் இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார். அற்றேல், செயின்ட் என்று முழுமையாகவே எழுதிவிட்டால் பூசல் எழாதே எனின், எழாது. ஆயினும் நாளிதழ்த் தலைப்பில் நான்கு எழுத்துக்கு இடம் தேடித் தவிக்கும் உதவியாசிரியரிடம் இவ்விடை செல்லாது. சுருக்கத்திலும் ஓர் இடர் உண்டு: அதே ஈரெழுத்து பெயருக்கு முன் வந்தால் புனிதர், பின் வந்தால் தெரு. ஆகவே வரியின் கடைசியில் எஸ், டி மட்டும் தனித்து நின்று, பீட்டர்ஸ்பர்க் அடுத்த வரிக்குத் தள்ளப்படுமாயின், புனிதர் கணநேரம் தெருவில் நிற்க நேர்கிறது.

ஃபுளோரிடாவில் இதே பெயருடைய நகர் ஒன்று இருப்பது சிக்கலை மேலும் இறுக்குகிறது. 1888இல் அங்கு இருப்புப்பாதையைக் கொண்டுசேர்த்த பீட்டர் டிமென்ஸ் ருஷ்யாவில் பிறந்தவர். தாய்நாட்டு நகரின் பெயரையே அவ்வூருக்கும் வழங்கினார். 1990களில் இரு நகரங்களிலும் ‘செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ்’ என்னும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் வெளிவந்தமையால், தலைப்பை மட்டும் கண்டவர் வானிலைப் பகுதியைப் புரட்டித்தான் தாம் எந்தக் கண்டத்தில் இருக்கிறோம் என்பதை உறுதிசெய்திருக்க முடியும்.

பெயரிலுள்ள பீட்டர் யார் என்பதிலும் பலர் வழுக்கி விழுவர். 1703இல் நகரை நிறுவியவர் மகா பீட்டர் என்னும் மன்னரே எனினும், பெயர் குறிப்பது கிறிஸ்துவின் சீடரான பீட்டரையே. மன்னர் எத்தனை கோட்டை கட்டியும் புனிதராகவில்லை. ருஷ்ய எழுத்தில் இப்பெயரின் நடுவில் ஸகரம் இல்லை என்பது உண்மையே. ஆங்கில வழக்கில் அது நிலைபெற்றுவிட்டமையால், அதனை நீக்கி எழுதித் தம் ருஷ்யப் புலமையை நிறுவ முயல்வோர் அச்சுப் பிழை செய்தவராகவே கருதப்படுவர். நகர மக்களோ பேச்சில் பீத்தெர் என்று மட்டும் சொல்லிப் புனிதப் பட்டத்தையும் ‘பர்க்’ என்னும் கோட்டையையும் ஒருங்கே உதறிவிட்டனர்.

ஆய்வின் அரிய பகுதி காலக்கணக்கே ஆகும். 1914இல் ஜெர்மனியோடு போர் மூண்டதும், பெயரில் ஜெர்மானிய வாடை வீசுவதாகக் கருதி அரசு அதனைப் பெத்ரோகிராட் என மாற்றியது. புனிதர் நீங்கினார், அவரோடு புள்ளியும் போயிற்று. 1924 ஜனவரி 21 அன்று லெனின் மறைய, ஐந்தே நாளில் அது லெனின்கிராட் ஆயிற்று. 1991 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் பழைய பெயரை விரும்பியதால், அவ்வாண்டு செப்டம்பரில் புனிதர் திரும்பினார்; 77 ஆண்டு உறங்கிய பூசலும் உடன் விழித்தது. ஆதலின், நிகழ்ச்சி நடந்த நாளில் வழங்கிய பெயரையே எழுதுக என்பது விதி: 1917இன் புரட்சி பெத்ரோகிராடில் நிகழ்ந்தது, இரண்டாம் உலகப் போரில் 872 நாள் நீடித்த முற்றுகை லெனின்கிராடுக்கு உரியது. 1910இல் பிறந்து 1995இல் இறந்த ஒருவர் ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பினும், அவர் வரலாற்றை எழுதுவோர் அவரை மூன்று முறை ஊர் மாற்றியாக வேண்டும். இவ்விதியை அறியாத விமான நிலையம், அங்குச் செல்வோரின் பெட்டிச் சீட்டில் லெனின்கிராடுக்குரிய எல், இ, டி என்னும் குறியையே இன்றும் அச்சிடுகிறது. நகரைச் சூழ்ந்த மாகாணமும் லெனின்கிராட் என்றே நீடிப்பதால், பெயர் மாறிவிட்டதென்று அதனையும் திருத்தப் புகும் ஆர்வலர் கைகட்டி இருத்தல் நன்று.

புள்ளியைப் பொறுத்தவரை, இரு மரபுள் எதனைத் தழுவினும் கட்டுரை முடியுமட்டும் அதனையே தழுவுக. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலப்பது மட்டுமே குற்றம். தமிழில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று எழுதுங்கால் ஏழு புள்ளிகள் இடப்படுகின்றன. அவற்றுள் ஒன்றன்மீதும் இதுகாறும் வழக்கு இல்லை.