கன்பூசியஸும் கோட்டாட்சியரும்

கேள்வி: பெற்றோரைப் பேணுவதே முதல் அறம் என்றார் கன்பூசியஸ். இதற்கெல்லாம் சட்டமா போடுவது?
– ஒரு வாசகர், ஆலங்குடி

பதில்: கன்பூசியஸ் பிறந்த சீனாவிலேயே, அப்பா அம்மாவை அடிக்கடி போய்ப் பாருங்கள் என்று 2013-இல் சட்டம் வந்துவிட்டது, ஆலங்குடியை மட்டும் குறை சொல்வானேன்! நம் நாட்டுச் சட்டம் 2007-ஆம் ஆண்டினுடையது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் கோட்டாட்சியர்களிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். சோறு மட்டும் போட்டால் போதுமா, நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் போடுகிறோம், மரியாதை எங்கே என்றவர் கன்பூசியஸ். பாவம், மரியாதைக்குக் கோட்டாட்சியர் எப்படி உத்தரவு போடுவார்?

வீட்டை மகன் பேருக்கு எழுதுகிறவர்கள், ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பிற்பாடு ரத்து செய்ய உதவும். அதைக் கேட்டதும் பிள்ளை முகம் சுளித்தால், பேனாவை மூடிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.