சிங்கப்பூர் பக்கம், சென்னை தூரம்

இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் போதும். வான்வழித் தூரம் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இத்தனை மணி என்று கைப்பேசி கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடுகிறது. சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ., நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். கணக்கில் பிழையில்லை. ஆனால் பெட்டியைத் தூக்குகிறவனுக்கு அந்தக் கணக்கால் காலணா பிரயோசனம் இல்லை என்பதே என் கட்சி. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்க்காரரைக் கேளுங்கள். அங்கிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறக்குறைய 150 கி.மீ.; உயரத்தில் வேகம் பிடித்துவிட்ட விமானத்துக்குப் பத்துப் பதினொரு நிமிட வேலை. அவரோ பேருந்துக்குக் காத்திருந்து, சாமை மூட்டைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவே காலை ஒடுக்கி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு பக்கத்துக்காரர் மேல் சாய்ந்து மன்னிப்புக் கேட்டு, போளூரில் வண்டி மாறி, சென்னை நெரிசலையும் நீந்திக் கடக்க ஐந்தாறு மணி நேரமாகும். ஆக, அவருக்குச் சென்னையைவிடச் சிங்கப்பூர் கிட்டே.

“மலைப்பாதைக்கு விமானம் என்ன செய்யும்? ஆகாயத்தில் கணக்கு சரிதானே?” என்பார்கள். அங்கேயும் சரியில்லை. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியே பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா, 2016-இல் பசிபிக் பக்கம் திரும்பியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, காற்று பின்னாலிருந்து தள்ளியதால் நேரம் குறைந்தது. சுற்றிப் போனவன் முந்திப் போனான்! போதாக்குறைக்கு, அட்டவணையில் போடும் நேரத்திலேயே தாமதத்துக்கென்று கொஞ்சம் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கிளம்பத் தாமதமான விமானமும் ‘குறித்த நேரத்துக்கு முன்பே’ இறங்கிப் பெருமையடித்துக்கொள்கிறது. கடிகாரமும் தன் பங்குக்கு விளையாடும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், போகும்போது பயணச்சீட்டில் ஏழு மணி நேரம் போலத் தெரிவது, திரும்பும்போது இரண்டு மணிகூட ஆகாது.

கிலோமீட்டர் அறிவியலாயிற்றே, அதைப் பழிக்கலாமா என்று கேட்கலாம். வானியல்காரர்களே நெடுந்தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாமல் ஒளிக்கு ஆகும் காலத்தில்தானே சொல்கிறார்கள்! சாட்சியும் இதே மலையில் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் ஆய்வகம் கவனித்தது. அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த நிகழ்வில்தான். யுரேனஸிலிருந்து ஒளி அன்று காவலூருக்கு வந்துசேரச் சுமார் இரண்டரை மணி நேரம். காவலூரில் பேருந்து ஏறியவர் அதே நேரத்தில் வேலூரைத் தாண்டியிருந்தால் அதிர்ஷ்டசாலி. ஆகவே, மலையிலிருந்து விமானம் பிடிக்கக் கிளம்பும் உறவினருக்குச் சிங்கப்பூர் எத்தனை மணி நேரம் என்று பார்த்துச் சொல்லாதீர்கள். போளூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சொல்லுங்கள்.