மூணு மாசத்துப் புளுகு

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே நான் உத்தமனாகிவிடுவேன். காபியில் சர்க்கரை கிடையாது, ராத்திரிக்கு இரண்டே கோதுமை தோசை, கொழுக்கட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். லேபில் ஃபாஸ்டிங் சுகர் அழகாக வரும். அதைப் பார்த்து டாக்டரம்மா சந்தோஷப்பட்ட காலமும் ஒன்று உண்டு.

அப்புறம் ஹெச்பிஏ1சி எழுதிக்கொடுத்தார். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வருமாம். அதை அளந்தால் கிட்டத்தட்ட மூன்று மாதக் கணக்கு வெளியே வந்துவிடும். தீபாவளிக்குத் தின்ற அதிரசம் மார்கழியில் வந்து சாட்சி சொன்னது.

அந்தப் புண்ணோடு இருந்தவனுக்குத்தான் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு வருகிறது என்ற செய்தி தேனாக இனித்தது. மெஷின்தானே! டாக்டரம்மா மாதிரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்காது. சொன்னதை நம்பும்.

முதலில் சிக்கியது, மகள் வாங்கிக்கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். கை அசைகிற விதத்தை வைத்து நடையைக் கணக்குப் போடுகிற ஜாதி. ஒரு கச்சேரியில் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனியாவர்த்தனம் முடிவதற்குள் மணிக்கட்டு அதிர்ந்தது. இன்றைய இலக்கை எட்டிவிட்டேன் என்று பாராட்டு. அன்றிலிருந்து என் நடைப்பயிற்சி சாய்வு நாற்காலிக்கு இடம் மாறியது. கணக்கு மகளுக்கும் போகும். "அப்பா சூப்பர்!" என்று வாட்ஸ்அப்பில் வரும். நானும் கூச்சமே இல்லாமல் கும்பிடு பொம்மை போட்டு அனுப்புவேன்.

கண் விஷயத்தில்தான் கொஞ்சம் ஆடிப்போனேன். சுகரால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று படத்தைப் பார்த்தே சொல்லும் மென்பொருளை கூகுள்காரர்கள் உருவாக்கி 2016-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பாடம் சொல்ல 1,28,175 படங்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று கண் மருத்துவர்களாவது பார்த்துத் தரம் பிரித்திருந்தார்கள். எங்கள் ஊர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அந்த ஆய்வில் உண்டு என்று படித்தபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். காலர் இறங்கியது அடுத்த கட்டுரையில். 2018-இல் அதே கூகுள் கூட்டம் இன்னொன்றைக் கண்டுபிடித்திருக்கிறது: விழித்திரைப் படம் ஒன்றே போதும், ஆளின் வயதைச் சராசரியாக மூன்றேகால் வருஷ வித்தியாசத்தில் சொல்லிவிடுமாம், ஆணா பெண்ணா என்றும் சொல்லுமாம், சிகரெட் பிடிப்பவரா என்பதைக்கூட ஓரளவு யூகிக்குமாம்.

ரிடையர் ஆன அன்றே நான் சிகரெட்டை விட்டுவிட்டதாக எங்கள் வீட்டில் பதிவாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் பேட்டையில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். கேமராவில் தாடையை வைத்ததுதான் தெரியும், ஃப்ளாஷ் வந்தபோதெல்லாம் இமை தானாக மூடிக்கொண்டது. தானாகத்தான் என்று அப்போது சொன்னேன். படம் தெளிவில்லை என்று மெஷின் திருப்பித் திருப்பித் தள்ளியது. "போட்டோதான் சார், ஊசியில்ல" என்று அந்தத் தம்பி கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. தாய்லாந்துச் சுகாதார நிலையங்களிலும் இப்படி ஐந்தில் ஒரு படத்துக்குமேல் தள்ளுபடியானதாம். அங்கே வெளிச்சக் கோளாறு, இங்கே ஆள் கோளாறு. முகாமில் இருந்த மெஷினுக்கு விழித்திரைப் பாதிப்பைத் தவிர வேறு எதுவும் பார்க்கத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. வீணாகக் கண்ணை மூடியிருக்கிறேன்.

இதையெல்லாம் விஞ்சியது சாட்பாட் கதை. ராத்திரி பதினொரு மணிக்கு உள்ளங்காலில் மதமதப்பு. வயது, சுகர் வந்து எத்தனை வருஷம், எல்லாவற்றையும் யோக்கியமாகத்தான் தட்டினேன். நரம்புப் பாதிப்பாக இருக்கலாம், பாதத்தில் புண் இருக்கிறதா பாருங்கள், டாக்டரிடம் போங்கள் என்றது. எனக்குப் பிடிக்கவில்லை. சுகரை எடுத்துவிட்டுக் கேட்டேன். பி12 குறைவு, முதுகெலும்பு என்று இழுத்தது. வயதில் கை வைத்தேன். கொஞ்சம் இறங்கி வந்தது. கடைசியில், "இருபத்தைந்து வயது இளைஞன், நல்ல ஆரோக்கியம், நாள் முழுக்க இறுக்கமான ஷூ" என்று அடித்தேன். ஷூவை மாற்றிப் பாருங்கள் என்றது. நிம்மதியாகத் தூங்கினேன். ரிடையர் ஆனதிலிருந்து நான் ஷூவே போட்டதில்லை.

காலையில் செருப்புக் கடைக்குக் கிளம்பியவனை மனைவி மடக்கினாள். போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். "இதுகிட்டயும் ஆரம்பிச்சாச்சா?" என்றவள், ஆட்டோவை டாக்டரம்மா வீதிக்குத் திருப்பச் சொன்னாள்.

அங்கே மெஷின் ஒன்றும் இல்லை. பேனா மாதிரி ஒரு பிடி, அதன் முனையில் நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையுமாம். "கண்ணை மூடிக்கோங்க சார். பாதத்துல படுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

முதல் தடவை தெரிந்தது. "ஆமா." அடுத்தது தெரிந்த மாதிரி இருந்தது. "ஆமா." அதற்குள் இடைவெளி பிடிபட்டுவிட்டது, தாளம் போட்டுப் பழகிய ஆளல்லவா? தட்டு, விரல், "ஆமா." தட்டு, வீச்சு, "ஆமா." ஒன்றுவிடாமல் சொல்லிவிட்ட பெருமிதத்தோடு கண்ணைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதுக்கப்புறம் நான் தொடவே இல்ல சார்."

"வீட்லயும் இப்படித்தான் டாக்டர்" என்றாள் மனைவி.