மாப்பிள்ளை பைலட் ஆகிவிட்டார்!

அமெரிக்காவில் இருக்கும் என் மாப்பிள்ளை, ஏழு வருடமாக ஞாயிறுதோறும் விமானம் ஓட்டப் பழகி, போன மாதம்தான் பிரைவேட் பைலட் சர்டிபிகேட் வாங்கினார். சட்டப்படி 40 மணி நேரம் பறந்தால் போதுமாமே? பின் ஏன் ஏழு வருடம்?
– வாசகர், மன்னார்குடி

40 மணி என்பது அந்த ஊரில் ஒரு வார ஆபீஸ் வேலை. ஆசிரியரோடு 20, தன்னந்தனியாக 10 என்று அதற்குள் கணக்கு வேறு. ஆனால் 40லேயே முடித்தவர்கள் அபூர்வம். 60, 70 மணி ஆவது சகஜம்.

ஏழு வருடம் எப்படி ஆகிறது என்று கேளுங்கள். ஞாயிறு வரும், கூடவே மேகமும் வரும். மேகம் இல்லாத ஞாயிறு குறுக்குக்காற்று அடிக்கும். காற்றும் இல்லையென்றால், 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனைக்காக விமானத்தைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். எல்லாம் கூடி வந்த அன்று ஆசிரியர் இருக்கமாட்டார். ஏனென்றால் அவர் சொல்லிக்கொடுப்பது தன் 1,500 மணி நேரத்தைச் சேர்க்கத்தான். சேர்ந்ததும் ஏர்லைன்ஸுக்குப் போய்விடுவார். புதிதாக வருபவர், "எங்கே, ஒரு தடவை இறக்கிக் காட்டுங்க பார்ப்போம்" என்று முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

இன்ஜின் ஓடும் நேரத்துக்கெல்லாம் வாடகை. முன்னால் நிற்கும் விமானம் கிளம்பட்டும் என்று காத்திருந்தாலும் மீட்டர் ஏறும். சென்னை ஆட்டோக்காரர்கள் பார்த்தால் மூக்கில் விரலை வைப்பார்கள்: மீட்டர் என்பது நிஜமாகவே ஓடும் சாமானா!

எழுத்துத் தேர்வு பாஸானால் 24 மாதம்தான் செல்லும். அதற்குள் பறந்துகாட்டும் தேர்வை முடிக்காவிட்டால் மறுபடி எழுதவேண்டும். ஏழு வருடக்காரர் எத்தனை தடவை எழுதினார் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிடாதீர்கள். தலை தீபாவளிக்கு எடுத்த மோதிரத்தின் விலையை அவர் உங்களிடம் கேட்டாரா?

கார் ஓட்டுவது கஷ்டமா, விமானம் ஓட்டுவது கஷ்டமா?
– வாசகி, தாம்பரம்

வேளச்சேரியில் கார் ஓட்டுவது.

மாப்பிள்ளையின் லைசென்ஸ் அட்டையை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அவர் போட்டோவே இல்லை. யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றுகிறாரோ?
– வாசகர், காரைக்குடி

அவர்கள் ரைட் சகோதரர்கள். அமெரிக்க அட்டையில் அவர்கள் படம்தான் இருக்கும், ஓட்டுபவர் படம் இருக்காது. 1903 டிசம்பர் 17ஆம் தேதி அவர்கள் முதல் தடவை பறந்தது 12 விநாடி. இன்றைய சட்டப்படி இன்னும் 39 மணி 59 நிமிடம் 48 விநாடி பாக்கி.

என் பெண் முதன்முதலாகத் தனியே விமானம் ஓட்டிய அன்று, அவள் சட்டையின் பின்பக்கத்தை ஆசிரியர் கத்தரியால் வெட்டிவிட்டார். போட்டோவைப் பார்த்த என் மனைவி சுற்றிப்போட வேண்டும் என்கிறாள். இது என்ன கூத்து?
– வாசகர், பாளையங்கோட்டை

சுற்றிப்போடுங்கள், தப்பில்லை. ஆனால் கூத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து விமானங்களில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். மேலே கூரை கிடையாது, பேசினால் காதில் விழாது. பின்னால் இருக்கும் குரு, சீடனின் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் பாடம் நடத்தினாராம். தனியாகப் பறந்துவிட்டால் இழுக்க ஆள் ஏது? அதனால் வெட்டு. துணியில் பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள்.

அந்த நாள் ரொம்ப சுவாரசியம். மூன்று தடவை ஒழுங்காக இறக்கியதும் ஆசிரியர், "ஓரமா நிறுத்துங்க" என்பார். தன் இருக்கையின் பெல்ட்டைக் காலி இருக்கைமேலேயே மாட்டிவிடுவார், அது ஆடி ஓட்டும் கருவிகளில் சிக்கக் கூடாதல்லவா. "நீங்களே போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். வாத்தியார் கனம் இல்லாத விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டுக் கிளம்பும். பாதிப்பேர் பயப்படுவதே அதைப் பார்த்துத்தான்.

ஒரே ஒரு யோசனை. மாமியார் எடுத்துக்கொடுத்த சட்டையை அன்று போடவேண்டாம். இல்லை, அன்றுதான் போடவேண்டும். அவரவர் வீட்டு நிலவரம்.

பைலட் தம்பி சும்மாதானே பறக்கிறான்! தெரிந்தவர்களை ஏற்றிக் காசு பார்க்கலாமே?
– வாசகர், ஈரோடு

ஈரோட்டுக்காரர் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். பிரைவேட் பைலட் கூலி வாங்கக் கூடாது. எரிபொருள், வாடகை போன்ற செலவுகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நான்கு பேர் போனால் கால்பங்காவது அவர் கையிலிருந்து போகவேண்டும். பில் வந்ததும் கை கழுவ எழுந்து போகும் நண்பர்களை அமெரிக்க அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

அதிருக்கட்டும், நான்கு பேர் போவதே சந்தேகம். செஸ்னா 172இல் இருக்கை நான்குதான். டேங்கை நிரப்பிவிட்டு நான்கு பெரியவர்களை ஏற்றினால் பெரும்பாலும் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். எனவே ஏறும் ஒவ்வொருவரையும் எடை கேட்டு, ஊறுகாய் ஜாடி உட்படக் கூட்டிப் பார்க்கவேண்டும். பெரிய அத்தையிடம் எடை கேட்கத் துணிந்தவனுக்குத் தனியாக வேறு பரீட்சை எதற்கு?

எனக்கு வயது 61. கற்கலாமா?
– ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்

அமெரிக்காவில் குறைந்தபட்ச வயது 17. அதிகபட்சம் என்று ஒன்று இல்லை. டாக்டர் இருக்கிறார்.

இந்தியாவில் முதல் பைலட் லைசென்ஸ் யாருக்கு?
– மாணவி, சேலம்

ஜே.ஆர்.டி. டாட்டா, 1929 பிப்ரவரி 10. எண் 1. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தவரும் அவரே. அந்தத் தபாலைச் சென்னைவரை கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அவரை இங்கே யாரும் நினைப்பதில்லை. நம் ஊரில் மந்திரியைத் தெரியும், தபால்காரரைத் தெரியாது.

என் தம்பி லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மனைவி குழந்தையோடு ராத்திரியில் பறக்கப்போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது என்றால் சிரிக்கிறான்.
– வாசகி, திண்டுக்கல்

நான் சிரிக்கவில்லை அம்மா.

ஜான் எஃப். கென்னடியின் மகன் 1998இல் லைசென்ஸ் வாங்கினார். 1999 ஜூலை 16ஆம் தேதி இரவு, மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு கடல்மேல் பறந்தார். சட்டப்படி தப்பில்லை. புகைமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. திசை தடுமாறி விமானம் கடலில் விழுந்தது. மூவரும் பிழைக்கவில்லை. அடிவானம் தெரியாவிட்டால் நம் உள்காது பொய் சொல்லும். சாய்ந்து சுற்றும்போது நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரைச் சோதித்தார்கள். வெளியே எதுவும் தெரியாமல் அவர்கள் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

தம்பியிடம் பயத்தைச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி வாங்கிவிட்டாயா? கடந்த 90 நாளில் இரவில் மூன்று தடவை ஏற்றி இறக்கினாயா? வானிலை சரியில்லையென்றால் லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் வருவாயா? கடைசிக் கேள்விதான் முக்கியம். 'திங்கட்கிழமை ஆபீஸ் போயே ஆகணும்' என்பவரோடு சின்ன விமானத்தில் யாரும் ஏறக் கூடாது. முதலில் பகலில் கூட்டிப் போகட்டும். குழந்தைக்கும் வேடிக்கை பார்க்க ஏதாவது தெரியும்.

விமானம் ஓட்டும்போது ஃபில்டர் காபி குடிக்கலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

தாராளமாக. செஸ்னாவில் கழிப்பறை கிடையாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.